போகலாம் என்று சொன்னது நான்தான்

கோட்டப்புரம் படகுத்துறை,
பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் எப்சிபாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், படகும் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரியவில்லை, பத்து நாளுக்கு மேலாக நீ என் போனை எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் போகட்டும். போனில் நான் பாதி சொல்வதற்குள் "அம்மா, நான் சொல்றத முதல்ல கேளு" என்று நீ ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கொடுங்கல்லூர் கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்து படகில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து ஆடியிருந்தால் அது படகு ஆடுவதால், எனக்கு உடம்பு சரியில்லை என்று கற்பனை பண்ணாதே.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். சேர்த்தலை ஆஸ்பத்திரியில் இன்பராஜ் மாமா போனை ஸ்பீக்கரில் போட்டபோது நீ சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "அப்பாவுக்கு எதாவது ஆயிருந்தா ஜென்மத்துக்கும் உன்ன மன்னிக்க மாட்டேம்மா" என்றாய். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது அப்பா மாமா கையிலிருந்து போனை வாங்கி, "பாப்பா, அம்மாவ ஒண்ணும் சொல்லாத, நான்தான் அடம்புடிச்சு இவள இட்டுகினு வந்தேன்" என்றார். அது பொய். எனக்காக அவர் சொன்ன பொய். படகு வாங்கலாம் என்று சொன்னது நான், கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரைக்கும் போகலாம் என்று சொன்னது நான், ஹாலில் நீ மாட்டிவிட்டுப் போன கேமராவின் வயரைப் பிடுங்கியதும் நான்தான். கரண்ட் கோளாறு என்று உன்னிடம் சொன்னேன், அது என் பொய். இரண்டையும் சேர்த்தே திருத்திவிட்டேன், இப்போது மனசு லேசாக இருக்கிறது.

நீ நர்ஸ், இதய வார்டில் வேலை பார்க்கிறவள், உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தது நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவரை நீ மாடிப்படி ஏறக் கூடாது என்றாய், சைக்கிளைத் தொடக் கூடாது என்றாய், கடைத்தெருவுக்குத் தனியாகப் போகக் கூடாது என்றாய். முப்பத்துநாலு வருஷம் தோல் தொழிற்சாலையில் தோலை ஊறப்போட்டுச் சுழற்றுகிற டிரம்மை ஓட்டிய மனுஷன், முழங்கால் வரை தண்ணியில் நின்று பச்சைத் தோலைத் தூக்கிப் போட்ட மனுஷன், மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனால்கூட அங்கிருந்து உன் போன் வரும், "அப்பா ஏன் படியில நிக்கறாரு?" என்று. போகப்போக அவர் எதற்குமே எழுந்திருப்பதை விட்டுவிட்டார். காலையில் குளித்து இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொள்வார், பிறகு அதே சட்டையோடு சாயங்காலம் வரை டி.வி. முன்னால். ஒரு நாள் டி.வி. ஓடவில்லை, அப்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாங்க, இன்னா பாக்கறீங்க?" என்று கேட்டேன். "எதுக்கு மேகலா, இப்டியே இருந்தா ஆகாதா?" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த மாதம் வேலூரில் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் நானே தனியாகப் போய்க் கேட்டேன். "இதயம் நல்லா இருக்கும்மா, அவர நடக்க விடுங்க, வேல செய்ய விடுங்க" என்றார். அன்றைக்குத்தான் கேமரா வயரைப் பிடுங்கினேன்.

இதைப் படித்ததும் அம்மா அப்பாவுக்காகத்தான் இவ்வளவும் பண்ணினாள் என்று நீ உருகிவிடக் கூடாது. எனக்காகவும்தான் பண்ணினேன், எனக்காகத்தான் அதிகம். நீ பிளஸ் டூ படித்தபோது எங்கள் ஷூ கம்பெனியில் லைன் பெண்களையெல்லாம் பஸ்ஸில் ஆலப்புழைக்குக் கூட்டிப்போனார்களே, அங்கே ஒரு மணி நேரம் படகில் சுற்றினோம். படகுக்காரர், இந்தத் தண்ணியிலேயே கொல்லத்தில் ஏறினால் கோட்டப்புரம் வரைக்கும் நூற்றறுபத்தெட்டு கிலோமீட்டர் போகலாம், கடலுக்குள் இறங்கவே வேண்டாம் என்றார். "எத்தன நாளு ஆகும்?" என்று நான் கேட்டேன். கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், சூப்பர்வைசர் ரொம்பச் சிரித்தார். நான் பதிலுக்காகக் காத்திருந்தேன், சிரிப்புச் சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. இருபத்தொன்பது வருஷம் தைத்த ஷூவெல்லாம் எந்தெந்த தேசத்துக்கோ போயிற்று, நான் கம்பெனி பஸ்ஸில் போய் கம்பெனி பஸ்ஸில் வந்தேன். ஒரு தடவையாவது நானே திருப்புகிற வண்டியில் தூரமாகப் போக வேண்டும் என்று ஆசை. இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

காவேரிப்பாக்கம் ஏரியில் மீன் பிடிக்கிற முனிரத்தினம் என்பவரிடம் போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸில் வாரத்துக்கு மூன்று நாள், ஏழு மாதம். படகு ஓட்டக் கற்றுக்கொண்டோம், அப்பாவுக்கு நீச்சல் தெரியும், எனக்குத் தெரியாது, ஐம்பத்தெட்டு வயதில் சுடிதாரோடு ஏரியில் இறங்கிக் கற்றுக்கொண்டேன். உன்னிடம் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறோம் என்று சொன்ன நாளெல்லாம் அதுதான், கர்த்தர் மன்னிப்பார். கடைசியில் முனிரத்தினம் தன்னுடைய பழைய ஃபைபர் படகையே எங்களுக்கு விலைக்குக் கொடுத்தார், பதினெட்டு அடி, பின்னால் ஒரு சின்ன மோட்டார். மினி லாரியில் அதை ஆம்பூருக்குக் கொண்டுவந்து நம் தெருவில் இறக்கிய அன்றைக்கு நீ பார்த்திருக்க வேண்டும். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "பாலாத்துல தண்ணியே காணோம், இவங்க போட் வாங்கினு வந்துகீறாங்க" என்று சிரித்தார்கள். இரண்டு மாதம் அது நம் வாசலில் இருந்தது, சர்ச்சில் என்னைப் பார்த்தால், பேழை கட்டிய நோவா மாதிரி, நோவா அம்மா என்று கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும். அந்த இரண்டு மாதத்தில் படகுக்குத் தார்ப்பாய்க் கூரை நானே தைத்தேன், ஷூவுக்குப் போடுகிற மாதிரி ஓரமெல்லாம் தோல் பட்டி வைத்து, கயிறு கோர்க்க ஐலெட் வளையம் அடித்து. மெஷினில் பாய் நகராமல் மறுபக்கம் பிடித்துக்கொண்டது எதிர்வீட்டு ஹலீமா பீதான். "எவன் இன்னா சொன்னா இன்னா, நீ போய்ட்டு வா மேகலா, எனக்கும் சேத்து பாத்துட்டு வா" என்றாள். கிளம்புவதற்கு முன்னால் அப்பாவுக்கு ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்தோம், ரிப்போர்ட் என் பையில் இருக்கிறது. நாங்கள் பைத்தியக்காரர்கள் இல்லை.

ஜனவரி இருபதாம் தேதி கொல்லத்தில் படகை இறக்கினோம். பதிவு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் சரியாக இருக்கிறது. நீ முதலில் கேட்கப்போவது கக்கூஸுக்கு என்ன பண்ணுவீர்கள் என்றுதானே, சொல்கிறேன். கரையில் எந்த வீட்டின் முன்னால் படகைக் கட்டி ஒரு பெண்ணைப் பார்த்து வயிற்றைத் தொட்டுக் காட்டினாலும் கதவைத் திறந்துவிடுகிறார்கள், பாதி வீட்டில் டீயும் கொடுத்தார்கள். விடிந்ததும் கிளம்பி பத்து மணிக்குள் நிறுத்திவிடுவோம், அதற்கு மேல் காற்று எழும்பும். சின்ன அடுப்பில் நான் சோறு வடிப்பேன், அப்பா மீன் கழுவுவார். உன் அப்பா மீன் கழுவி நீ பார்த்திருக்கிறாயா? காயங்குளம் காயலில் காலை வெயில் ஏறும்போது அவர் துடுப்பால் தண்ணியை அள்ளி, முகர்ந்து பார்த்து, "மேகலா, இதுல வாசனையே இல்ல பாரு" என்று குழந்தை மாதிரி சொன்னார். ஆயுசெல்லாம் தோல் ஊறிய தண்ணியிலேயே நின்றவர். திருக்குன்னப்புழையில் கால்வாயை அடைத்துக் கதவு போட்டிருக்கிறார்கள், படகு உள்ளே போனதும் பின்கதவை மூடி முன்கதவைத் திறப்பார்கள், தண்ணி எங்களைத் தூக்கி அடுத்த பக்கம் விட்டது. இந்த வழியில் நாங்கள் சண்டை போடவில்லை என்று நினைக்காதே. தோட்டப்பள்ளியில் பெட்ரோல் கேனை யார் மூட மறந்தது என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மூட மறந்தது நான்தான், அதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

இனி வேம்பநாட்டுக் காயலில் நடந்ததை எழுதுகிறேன், மாமா சொன்னதை வைத்து நீ எதுவும் முடிவு பண்ண வேண்டாம், அவன் அங்கே இல்லை. அன்றைக்குத் தாமதமாகக் கிளம்பியது என் தப்பு. ஆலப்புழையில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் வருவேன் என்று பிடிவாதம் பண்ணினேன். முகம்மா பக்கத்தில் காயல் அகலமாகிக் கரை கோடு மாதிரி ஆன இடத்தில் மணி ஒன்று தாண்டிவிட்டது. காற்று எழும்பியது. அந்த நேரம் பார்த்து மோட்டார் இறக்கையில் ஆகாயத்தாமரையும் ஒரு கிழிந்த வலையும் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. நான் வருவதற்குள் அப்பா குனிந்து மோட்டாரை ஒரே மூச்சாகத் தூக்கி வலையை அறுத்தார். அறுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது, கழுத்தெல்லாம் வேர்வை, கை இடது நெஞ்சில். "ஒண்ணுமில்ல" என்றார்.

எப்சி, எனக்குப் பயமாக இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய் ஆகும். ஆனால் நீ சொல்லிக்கொடுத்தது அப்படியே ஞாபகம் வந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை வைத்தேன், லைஃப் ஜாக்கெட்டை முதுகுக்கு அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தேன். மோட்டார் கிளம்பவில்லை. நான் தைத்த கூரை காற்றை வாங்கிப் படகை நடுக்காயலுக்கு இழுத்தது. தோல் வெட்டுகிற கத்தியால் நாலு கயிற்றையும் அறுத்துக் கூரையை இறக்கி அவர்மேல் போர்த்திவிட்டு துடுப்பை எடுத்தேன். மேற்கே ஒரு தென்னந்தோப்பைக் குறி வைத்துத் தள்ளினேன். பத்து தள்ளு, அவர் முகத்தைப் பார்ப்பேன், இன்னும் பத்து தள்ளு. "பேசுங்க, எதாவது பேசிகினே இருங்க" என்றேன். அவர் டிரம்மில் எந்தத் தோலுக்கு எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கை கொப்பளித்து உடைந்தது அப்போது தெரியவில்லை. முக்கால் மணி நேரம் இருக்கும். அலைக்கு நடுவில் சின்ன வள்ளத்தில் சிப்பி அள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்துக் கத்தினார், என் வயதுதான், சாரதாம்மா என்று பேர். கயிறு வீசினார், நான் கட்டினேன். அவர் முன்னால் தள்ள, நான் பின்னால் தள்ள, கரைக்கு வந்தோம். கரையேறியதும் தன் ஈரப் புடவையோடு எங்கள்கூடவே ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து, அப்பாவை உள்ளே எடுத்துப்போகும்வரை என் கையை விடவில்லை.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் இரண்டு தடவை எடுத்தார்கள், இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு இல்லை. கனத்தைத் திடீரென்று தூக்கியதால் நெஞ்சுச் சதை பிடித்துக்கொண்டது, காலையிலிருந்து சரியாகத் தண்ணி குடிக்காததால் மயக்கம். அந்தப் பெண் டாக்டர் பயணத்தை நிறுத்து என்று சொல்லவில்லை, மோட்டாரை இவர் தூக்கக் கூடாது, மதியத்தில் காயலில் இருக்கக் கூடாது, தண்ணி குடிக்க வேண்டும், இவ்வளவுதான் சொன்னார். எழுதியும் கொடுத்தார், போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன், நீ திறந்துகூடப் பார்க்கவில்லை. சேர்த்த அன்றைக்கே உனக்குச் சொல்லியிருந்தேன், அதற்குள் நீ சொல்லி மாமா ஒடுகத்தூரிலிருந்து கடலைக்குத் தண்ணி பாய்ச்சுவதை விட்டுவிட்டு ராத்திரியெல்லாம் கார் ஓட்டி வந்துவிட்டான். "அக்கா, படக இங்கயே எவன்கிட்டனா குடுத்துட்டு வண்டில ஏறு, போதும் உன் கூத்து" என்றான். பிறகுதான் அந்த போன்.

போன் முடிந்ததும் மாமா காரை எடுத்துவரக் கீழே போனான். நான் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். நீ சொன்னது என் நெஞ்சில் அப்படியே நின்றது, எனக்கும் தெம்பு விட்டுப்போயிற்று. "வூட்டுக்குப் போலாங்க, போதும்" என்றேன். அவர் என் உள்ளங்கையில் போட்டிருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நான் வூட்டுக்குப் போனா மறுபடியும் அந்த நாற்காலிதான். அது கிடக்கட்டும். உனக்கு இன்னா வேணும், அத சொல்லு" என்றார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். நல்ல மனுஷன், குடித்ததில்லை, அடித்ததில்லை, ஆனால் இந்தக் கேள்வியை என்னிடம் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. "கோட்டப்புரம்" என்றேன். அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மாமா கத்தினான். ரெண்டு பேருக்கும் மூளை கழன்றுவிட்டது என்றான், ஊரே சிரிக்கிறது என்றான், எப்சிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றான். "எப்சிக்கு நான் பதில் சொல்லிக்கறேன், நீ எங்கள முகம்மாவுல வுட்டுட்டுப் போ" என்றேன். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே காரை ஓட்டினான். ஆனால் படகுத்துறையில் அவனே இறங்கிப் பெட்ரோல் கேனையும் தண்ணிக் கேனையும் தூக்கி வைத்தான், மோட்டாரில் மிச்சம் சுற்றியிருந்த வலையைச் சுத்தம் பண்ணினான், அறுந்த கயிறுகளுக்குப் பதில் புதுக் கயிறு வாங்கிவந்து கூரையைக் கட்டிக்கொடுத்தான். கடைசியில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "மாமா, இவ சொல்றான்னு மோட்டார தூக்காதீங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனைத் திட்டாதே. உன் பேச்சைக் கேட்டுத்தான் வந்தான், எங்களைப் பார்த்துத்தான் மாறினான்.

அதற்கப்புறம் மோட்டார் என் கையில்தான் இருந்தது. தண்ணீர்முக்கம், வைக்கம், அப்புறம் கொச்சி. கொச்சியில் ஒரு கப்பல் எங்களைத் தாண்டியது, நாலைந்து மாடி உயரத்துக்குப் பெட்டி பெட்டியாக அடுக்கி. இத்தனை வருஷம் நான் தைத்ததெல்லாம் இப்படித்தான் போயிருக்கும், கப்பலைக் கிட்டத்தில் பார்த்தது இப்போதுதான். அதன் அலை வந்தபோது முனிரத்தினம் சொல்லிக்கொடுத்த மாதிரி மூக்கை அலைக்கு நேராகத் திருப்பினேன், படகு ஏறி இறங்கியது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அப்பா கையைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்குக் கோட்டப்புரம் வந்து சேர்ந்தோம். மாலை போட யாரும் இல்லை. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் எங்கேயிருந்து என்று கேட்டார். கொல்லம் என்றேன், ஊர் ஆம்பூர் என்றேன். அங்கே ஆறு இருக்கிறதா என்றார். "இருக்குது, தண்ணிதான் கம்மி" என்று அப்பா சொன்னார். நான் உட்கார்ந்த இடத்திலேயே சத்தம் போட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன், அந்த மனுஷர் பயந்து தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நீ எதிர்பார்க்காததைச் சொல்கிறேன். லாரியில் படகை ஏற்றிவிட்டு ரயிலில் வாங்க என்று மாமா போன் பண்ணினான். வேண்டாம் என்றுவிட்டோம். வியாழக்கிழமை காலையில் வந்த வழியே தண்ணியில் திரும்புகிறோம், கொல்லம் வரைக்கும். முகம்மாவில் சாரதாம்மா வீட்டில் ஒரு நாள் தங்குவதாகச் சொல்லியிருக்கிறோம். இதற்கு உன் அனுமதி கேட்டு இந்தக் கடிதம் எழுதவில்லை, நடக்கப்போவதைச் சொல்கிறேன். நீ பதினெட்டு வயதில் நர்சிங் படிக்கப் போனபோதும், இருபத்தாறில் அவ்வளவு தூரம் விமானம் ஏறியபோதும், பெண்ணைத் தனியாக அனுப்புகிறாயே என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். ஒரு நாளாவது உன் கதவை நான் வெளியே பூட்டினேனா? உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து பயந்துதான் இருந்தேன், இன்றைக்கும் இருக்கிறேன், ஆனால் அந்தப் பயத்தை உன் காலில் கட்டிவிடவில்லை. நீயும் உன் பயத்தை எங்கள் காலில் கட்டாதே.

வேளைக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து வந்ததும் டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிடாதே. போன குளிரில் முழங்கை வெடித்ததே, தேங்காய் எண்ணெய் தடவு. மாமாவுக்கு ஒரு போன் பண்ணி நன்றி சொல்லு. அப்பாவின் மருந்து இன்னும் இருபது நாளுக்கு இருக்கிறது, ஒரு வேளைகூடத் தப்பவில்லை, பெட்டியில் நாள் எழுதி வைத்திருக்கிறேன். கடைசியாக ஒன்று. திரும்பும் வழியில் எங்களுக்கு ஏதாவது ஆகலாம், வீட்டில் நாற்காலியில் இருந்தாலும் ஆகலாம். அப்படி ஆனால் நீ வந்து அழு, உரிமை இருக்கிறது. ஆனால் யார் அனுமதித்தது, யார் தப்பு என்று தேடிக்கொண்டு நிற்காதே. எங்கே போய்க்கொண்டிருந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு, தலையைக் குனியாமல், அவர்களுக்கு வேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று சொல்லு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைபடுகிற நோயாளிகளையெல்லாம் எழுந்து நடக்க வைப்பாராக. அப்பா முத்தம் அனுப்பச் சொன்னார், ஏற்றுக்கொள்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமும் அதைவிடப் பாசமும் உள்ள அம்மா,
தே. மேகலா.